வாடை அடிக்குது

கடலூர் போகும் பேருந்தில் என் பக்கத்து ஜன்னலை மூடினேன். முன் இருக்கையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டு வந்து அதைத் திறந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திறந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"மூடாதீங்க சார். மோந்துகினு போங்க."

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். வீடு சிதம்பரத்தில், மகள் கடலூரில். வாரம் ஒருமுறையாவது அந்தச் சாலையில் போய்வருவேன். தொழிற்பேட்டை நெருங்கியதும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை கைக்குட்டைக்குப் போகும், மறு கை ஜன்னலுக்குப் போகும். தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே மூடுவார்கள். அழுகின முட்டையும் பெயின்ட்டும் பூச்சிமருந்தும் ஒன்றாய்க் கொதித்தது போன்ற நாற்றம். சற்று தூரம் போனதும் ஜன்னல்கள் திறக்கும், அரசியலோ கல்யாணமோ விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நாற்றத்துக்குள்ளேயே ஊர் இருக்கிறது, அங்கே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதை மூடிய ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஒருவரும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

நடத்துநர் சமாதானத்துக்கு வந்தார். "அந்த டீச்சரு எப்பவும் அப்டித்தான் சார். கண்டுக்காதீங்க."

"ஏன் கண்டுக்காம போணும்?" என்றார் அந்தப் பெண்மணி, என்னைப் பார்க்காமல் பேருந்துக்கே சொல்வது போல. "நாங்க ராவும் பகலும் மோந்துகினு கெடக்கறோம். இவுரு ரெண்டு நிமிஷம் மோந்தா மூக்கு கழண்டு மடியில வுழுந்துடுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சினம் பொங்கியது. படித்தவனை, வயதானவனை, ஒரு பெண் பேருந்தில் வைத்துக் கேலி செய்கிறாளே என்று. அந்தச் சினம் யார்மேல் வந்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்க ஏழு வருடமாயிற்று.

தொழிற்பேட்டையின் வடக்கு மதிலை ஒட்டிய ஊரில் அவர் அங்கன்வாடி ஆசிரியை. ஊரே 'டீச்சர்' என்று கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பெயரை எழுதும் உரிமை எனக்கு இல்லை.

டீச்சர் தலையில் பூ வைக்க மாட்டார். கடலூர்ப் பெண்மணி, கணவர் இருக்கிறவர், வெள்ளிக்கிழமையிலும் வெறும் தலை. மையத்தில் சாமி படம் உண்டு, ஊதுபத்தி கிடையாது. பவுடர் பூசி வரும் உதவியாளரைக் கிணற்றடிக்கு விரட்டி முகம் கழுவி வரச் சொல்வார். "பூவும் பத்தியும் வெச்சா மூக்கு ஏமாந்துடும். எனக்கு மூக்கு வேலை செய்யணும்" என்பார். காலையில் பூட்டைத் திறக்கும் முன் வாசலில் நின்று தெற்கே பார்த்து மூச்சை இழுப்பார். அன்று பிள்ளைகள் வெளியே விளையாடலாமா, கதவைச் சாத்தி உள்ளே உட்கார வேண்டுமா என்பது அந்த ஒரு மூச்சில் முடிவாகும்.

யார் அந்த ஊருக்குப் போனாலும் முகராமல் திரும்ப விடமாட்டார். இதுதான் அவர். ஓட்டுக் கேட்க வந்தவர், போலியோ சொட்டு மருந்து கொண்டுவந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர், யாராக இருந்தாலும் மணிக்கட்டைப் பிடிப்பார். நாள் முழுக்க ஓடும் பிள்ளைகளைப் பிடித்துப் பழகிய பிடி. "நில்லுங்க. மூச்ச இழுங்க." அவ்வளவுதான் சொல்வார். இழுத்த பிறகுதான் கை விடுபடும்.

ஒரு சுதந்திர தினத்துக்கு அங்கிருந்த ஆலைகளில் ஒன்றின் மேலாளர் மிட்டாய்ப் பெட்டியோடு வந்திருக்கிறார். சட்டையில் சென்ட். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நில்லுங்க. மூச்ச இழுங்க." மேலாளர் இழுத்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

"உங்க சட்டைய மோந்தீங்க சார். ஊர மோந்து பாருங்க."

மிட்டாயைப் பிள்ளைகள் தின்றார்கள். பெட்டியில் அச்சடித்திருந்த ஆலைப் பெயர் மேல் டீச்சர் பழைய காலண்டர் தாளை ஒட்டிச் சுண்ணாம்புக்கட்டி போட்டு வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் இருமுவார்கள்.

பேருந்துச் சண்டைக்குப் பிறகு மூன்றாம் வருடம், தை மாதம், டில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் குறை கேட்டார்கள். குழுத் தலைவர் முதிய விஞ்ஞானி, தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றதும், அதிகாரிகளாகிவிட்ட என் பழைய மாணவர்கள் என்னை அழைத்தார்கள். 'எங்கள் பேராசிரியர்' என்று மேடையில் அறிமுகம் செய்தார்கள். சால்வை கொடுத்தார்கள். மண்டபத்துக்கு வெளியே குளிர்ந்த காற்று வீசியது, சால்வையைப் போர்த்திக்கொண்டேன்.

அன்று எது முடிவாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றில் இன்ன நஞ்சு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அரசு வகுத்த அளவு இருக்கிறது. அதை அளக்கும் கருவியை ஒரு பருவம் முழுக்க எங்கே வைப்பது? டீச்சர் கேட்டது ஒன்றுதான்: அங்கன்வாடி மாடியில் வையுங்கள். முன்பெல்லாம் அதிகாரிகள் ஜீப்பில் வந்து அரைநாள் அளந்துவிட்டுப் போவார்கள். "ஜீப்பு கெளம்பறதுக்கு முன்னாடியே சேதி போயிடும் சார். அன்னிக்கிப் பூரா சிம்னி விரதம் இருக்கும்" என்று ஊர்க்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். கருவி பருவம் முழுக்க மாடியில் இருந்தால் சிம்னியால் அத்தனை நாள் விரதம் இருக்க முடியாது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் நான் சர்க்கரை போட்டேன். ஒருவர், "மூடித் தொலைங்கய்யா" என்றார். நான், "ஆவன செய்யுமாறு கிராம மக்கள் பணிவுடன் வேண்டுகிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சர், "ஒரு ராத்திரி எங்க தெருவுல வந்து படுங்க" என்றார். நான், "தயவுசெய்து ஒருமுறை வருகை தரக் கோருகிறார்" என்றேன். அவர்களுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். கோபத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தால்தான் பெரியவர்கள் கையில் வாங்குவார்கள் என்பது என் வாழ்நாள் படிப்பு.

பிறகு டீச்சர் சொன்னார்: "ராத்திரியில வாடை அடிக்குது சார். வாடை அடிச்சா புள்ளைங்களுக்கு இழுப்பு வந்துடுது."

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. அதற்கு முந்தின வாரம்தான் சிதம்பரத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நாலு காற்றையும் பற்றி மணிக்கணக்கில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். என் தோளில் சால்வை, வெளியே தை மாதத்து வாடை. என் வாய் தானாகச் சொல்லிற்று: "இரவில் வடகாற்று வீசும்போது குழந்தைகளுக்கு மூச்சிரைக்கிறது."

தலைவர் நிமிர்ந்தார். முன்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். ஆலைகள் தெற்கே, ஊர் வடக்கே. "வடகாற்றா? நன்றாகக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நான் டீச்சரிடம் கேட்டேன். "வாடைதானே அடிக்குது?"

"ஆமா சார், வாடைதான். வேற என்னா மல்லிப்பூவா?"

"ஆம், வடகாற்றுதான்" என்றேன்.

ஊருக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார். கருவாடு காயவைக்கும் களம் என்றார் ஓர் அதிகாரி. தலைவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "கெமிக்கல் வாடை சார். மூக்குல ஏறி மண்டையில போயி குந்திக்குது."

அப்போது எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டிலும் கருவாட்டு வாடை, கவிச்சி வாடை என்றுதான் சொல்வோம். பிறந்த நாளிலிருந்து தெரிந்த சொல். 'மன்னிக்க வேண்டும், தவறாகச் சொல்லிவிட்டேன், அவர் சொன்னது காற்று அல்ல, நாற்றம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தலைவர் அடித்து எழுதியிருப்பார். முன்வரிசையில் என் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னது இதுதான்: "ரசாயன நெடி இருப்பதாகவும் கூறுகிறார்." வடகாற்றை அப்படியே விட்டேன். மதியச் சாப்பாட்டில் தலைவர் என் ஆங்கிலத்தைப் புகழ்ந்தார். பாயசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

இதுவரை நடந்தது பிழை என்று யாராவது இரக்கப்பட்டுச் சொல்லலாம். அடுத்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆகி, அதே மண்டபத்தில் முடிவைப் படித்தார்கள். தலைவர் வரவில்லை, வேறோர் அதிகாரி ஆங்கிலத்தில் படிக்க, நான் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். வடகாற்றின்போது சிரமம் ஏற்படுவதாகக் கிராமத்தினரே சொல்லியிருப்பதால், வடகாற்று புகையைக் கொண்டுபோகும் திசையான தெற்கே, ஒரு முந்திரித் தோப்பில் கருவி வைக்கப்பட்டது. அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன. ஊரில் தெரியும் நாற்றம் வடக்கே உள்ள கருவாட்டுக் களத்திலிருந்து வரக்கூடும். இதுதான் அவர்கள் எழுதியது.

'வடகாற்று' என்ற இடம் வந்தபோது டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வடகாற்று என்று நான் தமிழில் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எழுந்து நின்று, "யாரு சொன்னா வடகாத்துன்னு?" என்று கேட்டிருப்பார். நான் சொன்னேன்: "வாடை அடிக்குதுன்னு நீங்க சொன்னத வெச்சு, மிஷின தெக்கால வெச்சிப் பாத்தாங்களாம்."

அகராதி என் பக்கம் இருந்தது. அவர் சொல்லைத் திருடி டில்லிக்குக் கொடுத்தேன். டில்லி திருப்பிக் கொடுத்ததை அதே சொல்லில் சுற்றி அவர் கையிலேயே வைத்தேன்.

டீச்சருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? "வாடை எங்க தெருவுல அடிக்குது. மிஷின ஏன் தெக்கால வெச்சாங்க? இடுப்பு வலின்னு போனா முட்டிய அமுக்குவானா டாக்டரு?"

"அது நிபுணர்கள் எடுத்த முடிவும்மா" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். "வரம்புக்குள்ளன்னா என்னா மச்சான்?"

"வரப்பு மாதிரி போட்டுருப்பாங்க. காத்து அதத் தாண்டாது."

"அப்ப நம்ம காத்து படிக்காத காத்தா இருக்கும். வரப்ப மிதிச்சிகினு வருது."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சங்கடத்தோடு, இருபத்து நாலு மணி நேரச் சராசரியைத்தான் பார்ப்பார்கள், ராத்திரி கொஞ்ச நேரம் கூடினாலும் சராசரியில் அடங்கிவிடும் என்று விளக்கினார். டீச்சர் எழுந்தார். "சராசரியாவா சார் மூச்சு வுடும் புள்ள? ராத்திரி வுடாத மூச்ச மறுநா சேத்து வுட்டுக்குமா?"

அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவருடைய மையத்தில் இழுப்பு வரும் பிள்ளைகளில் ஒரு பையன் இருந்தான். அவன் தாய்க்கு அண்ணாகிராமம் பக்கம் பிறந்த வீடு. அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் பையன் பலாமரத்தில் ஏறிக் குதிப்பான். சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிவந்தால் மூன்றாம் ராத்திரி நெஞ்சு உள்வாங்கும். "ஊர மாத்துனா சரியாயிடும்னு டாக்டரு சொல்றாரு. யாரு மாத்தறது? கம்பெனி மாத்துமா, நாங்க மாத்தணுமா?" என்று டீச்சர் எல்லோரையும் கேட்பார். எல்லோரும் ஊர்க்காரர்கள்தான் மாற வேண்டும் என்பது போலவே பார்ப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று என்று நினைக்கிறேன். அதே பேருந்து. ஆலமரம் ஒன்று வரும், அதைத் தாண்டினால் நாற்றம். ஜன்னல்கள் இறங்கத் தொடங்கின. அன்று நான் மூடவில்லை. வழக்கமாக வந்து திறக்கும் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் டீச்சர்தான் இருந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் எட்டித் தன் ஜன்னலை மூடினார். பிறகு திரும்பி, என் ஜன்னலையும் மூடினார்.

"என்ன டீச்சர், நீங்களே மூடுறீங்க?"

"புள்ள இருக்கு சார்."

மடியில் அந்தப் பையன். கழுத்தடியில் குழி விழுந்து விழுந்து எழுந்தது. ஊரில் முந்தின ராத்திரியே தொடங்கிய இழுப்பு, சிதம்பரம் பக்கம் கிள்ளையில் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் முற்றிவிட, கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். "அங்க மூக்குல மாஸ்க்க வெச்சி மருந்துப் புகை வுடுவாங்க. ஒரு பொகையில வந்தது இன்னொரு பொகையில போவும்" என்றார். குரலில் பழைய காரம் இல்லை. பக்கத்தில் அவன் தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூடிய ஜன்னலுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. சொன்னேன். வாடை என்ற சொல்லுக்கு நான் செய்ததை, இரண்டு தடவையும் செய்ததை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

டீச்சர் பையனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். தொழிற்பேட்டை தாண்டியதும் கேட்டார்: "வாடைக்கு இங்கிலீசுல என்னா சார்?"

"ஸ்டிங்க்."

"சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். பேருந்து திரும்பிப் பார்த்தது.

"இத்துணூண்டு வார்த்த" என்றார். "இது வாயில வரல உங்களுக்கு."

பையனின் தாய் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "பென்ஷன் வாங்கறவரு, நல்லாத்தான் இருப்பீங்க" என்றாள். நான் செத்தால் ஒழியத் தீராத சொல் அது. இறங்கும்போது டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "திங்கக்கெழம சென்டருக்கு வாங்க. தாயிங்கள்லாம் வருவாங்க. அங்க சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்காதீங்க."

போனேன். சொன்னேன். என்னைத் திட்டியவற்றை எழுத மாட்டேன். அவை அவர்களுக்குச் சொந்தம். திட்டி முடிந்ததும் டீச்சர் என்னை ஒரு சிறு நாற்காலியில், முட்டி நெஞ்சில் இடிக்க உட்காரவைத்தார். "பண்ண தப்ப இங்கிலீசுல எழுதுங்க. ஆபீசுக்கெல்லாம் நீங்களே அனுப்புங்க" என்றார். எழுதினேன். மாதா மாதம் எழுதினேன். குழு கலைந்துவிட்டது, அறிக்கை முடிந்த விஷயம் என்றுதான் பதில்கள் வந்தன. ஒரு பொய்யை ஏற்க அவர்களுக்கு ஒரு காலை போதுமாயிருந்தது. அதைத் திருப்பி எடுக்க மட்டும் எந்த மேசையிலும் இடமில்லை.

மறு வருடம் பங்குனியில், என் கடிதங்களில் ஏதோ ஒன்றைப் பார்த்து, ஓர் அதிகாரி வந்தார். வடநாட்டுக்காரர், இளைஞர். ஜீப்பிலிருந்து மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். வேறு யாரையும் கூப்பிடக் கூடாது என்று டீச்சர்தான் சொன்னார். "செஞ்ச வாயே சரி பண்ணட்டும்" என்றாராம். காலையிலிருந்தே தெற்கத்திக் காற்று. தென்றல் என்று அதற்கு எத்தனை தலைமுறை மாணவர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து நேராகப் பிள்ளைகள் முகத்தில் அடித்தது.

வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். டீச்சர் கையைத் தூக்கியதும் ஒரே குரலில் கத்தினார்கள்: "இஸ்டிங்கு! இஸ்டிங்கு!"

அதிகாரி என்னைப் பார்த்தார். குழந்தைகள் என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலத்தையே ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னேன். நாறுகிறது என்கிறார்கள், தெற்கிலிருந்து காற்று வரும்போது அந்த ஆலைகளின் நாற்றம் இவர்கள் நெஞ்சுக்குள் போகிறது என்கிறார்கள், கருவி இந்த மாடியில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் என்றேன். அதிகாரி கைக்குட்டைக்குள் சிரித்தார். ஒரு வாக்கியம் சொன்னார். செல்போனை எடுத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்தார். ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"என்னா சொன்னாரு?" என்றார் டீச்சர்.

ஆவன செய்கிறாராம் என்று சர்க்கரை போட நாக்கு பழக்கத்தில் எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "புள்ளைங்க அழகா இருக்காங்களாம்."

டீச்சர் இரண்டே எட்டில் போய் அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்குட்டை பிடித்திருந்த கை. அது மூக்கைவிட்டு இறங்கியது. அதிகாரி திகைத்து என்னைப் பார்த்தார்.

"நில்லு. மூச்ச இழு" என்றார் டீச்சர். அவர் 'நில்லுங்க' என்று சொல்லாமல் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆங்கிலத்தில் சொன்னேன். தயவுசெய்து என்று டீச்சர் சொல்லவில்லை. நானும் சேர்க்கவில்லை.